டாக்டருக்குக் காய்ச்சல்

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்க வந்தவள் முதலில் கற்றுக்கொள்வது, தெரியாததையும் தெரிந்த முகத்தோடு சொல்வது. கவுன்ட்டரில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும். உத்திரமேரூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர். போன ஆடியில் அவரே காய்ச்சலில் படுத்துவிட்டார். மகன் வந்து சென்னைக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு நடந்தவை இவை.

முதல் நாள்

'இன்று டாக்டர் இல்லை' என்று எழுதி மாட்டினேன். நோயாளிகள் பலகையைப் படித்துவிட்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டார்கள். போகாமல் நின்றவர்களில் ஒருவருக்கும் வியாதி இல்லை. எதிரே இட்லி விற்கிற அம்மா, மருந்துக் கடைக்காரர், வாசலில் ஆட்டோ போட்டிருக்கும் சேகர். எல்லோரிடமும் "ரெண்டு நாள்ல வந்துடுவார்" என்றேன்.

சேகர் மட்டும் நகரவில்லை. கவுன்ட்டர் மேல் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "பேஷன்ட்டுக்குச் சொல்றத எனக்குச் சொல்லாதக்கா. ஆட்டோவுக்கு ட்யூ கட்டிக்கினு கீறேன். நெஜமா அவருக்கு இன்னா கீது?"

பழக்கடை பாய்

வார்டில் படுத்திருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்கள்தான் பஷீர் பாய்க்கு வாடிக்கை. வார்டு காலியானதும் அவர் கடையில் ஆப்பிள் சுருங்க ஆரம்பித்தது. ஆறாம் நாள் ஒரு பை நிறைய சாத்துக்குடி கொண்டுவந்து, டாக்டருக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். யார் சென்னைக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். பையை மேஜையிலேயே வைத்தார்.

"தொழுகையில அவரு நல்லாவணும்னு துவா கேக்கறேம்மா. அதுல பாதி எனக்காகத்தான்னு அல்லாவுக்குத் தெரியாமயா இருக்கும்?"

காலி வார்டு

காவாந்தண்டலத்திலிருந்து வரும் கன்னியம்மா அக்கா எங்கள் ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைக்கும் இருவரில் ஒருவர்; இன்னொருத்தி அம்சா. கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று சொல்லியும் தினமும் வந்தார். யாரும் மிதிக்காத தரையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "ஊர்ல நடவு நடக்குதே, அங்க போகலாமே அக்கா" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "மெசின் நடுதும்மா, என்னை எவன் கூப்புடுவான்? தரை ஈரமா இருந்தா வேலை கீதுன்னு தோணுது. காஞ்சா பயமா கீது."

மகன் வந்தது

பன்னிரண்டாம் நாள் டாக்டரின் மகன் வந்தார். அவரும் டாக்டர்தான், சென்னையில். அறை அறையாகப் பார்த்தார், போனில் படம் எடுத்தார், பின்பக்கம் இடம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். விற்கப் போகிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்றார். பதினோரு பேர் என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. சேகர், பாய், இட்லிக்கார அம்மா, மருந்துக் கடை, போர்வை வெளுக்கிறவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கோபப்படவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு பேருக்காகத்தான் அப்பா எங்களோட வந்து இருக்க மாட்டேன்றாரா?"

ஒரு வேளை

டாக்டர் திரும்பி வந்தார், பாதியாக இளைத்து. இனி காலையில் மட்டும் பார்ப்பார், மாலை இல்லை. துடைக்க ஓர் ஆள் போதும், கன்னியம்மாவா அம்சாவா என்று நீயே முடிவு செய் என்றார். இரண்டு நாள் நான் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கன்னியம்மா அக்காவே அம்சாவைக் கூட்டிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தார். "ஒரு நாளு நானு, ஒரு நாளு இவ. பேசிக்கினோம். போய்ச் சொல்லும்மா" என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார்.

"நல்ல ஏற்பாடுதான், அப்படியே செய்யட்டும். உனக்கும் இனிமே பாதிநாள் வேலைதாம்மா."

ஊரார் வியாதியில் பிழைக்கிற எங்களுக்கு, ஒரே ஒருவருடைய ஆரோக்கியம் மட்டும் குறையாமல் இருக்க வேண்டியிருக்கிறது.