மாவுக்கட்டுக்கு அனுப்பிய டயப்பர்

"சிஸ்டர், கட்டு நாறுதுங்க" என்று அலமேலு போனில் சொன்னபோது, கள்ளக்குறிச்சியில் எங்கள் டயப்பர் அறையில் உட்கார்ந்து சைஸ் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் குழந்தைக்கென்று ஒரு மூட்டை நிறைய அனுப்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அறை

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்றால் ஓய்வு என்று நம்பிவிட்டேன். கூலி வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு டயப்பர் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மகளிர் குழுப் பெண்கள் சிலர் கிளம்பினார்கள். நெல் மண்டிக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. சாவி என்னிடம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டயப்பர் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நியூபார்ன் சைஸ்தான் வாங்கி வருவார்கள். சின்னதாக, பார்க்க அழகாக இருக்கும். போட்டோவிலும் நன்றாக விழும். பிறந்த குழந்தை வளரும் என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. அலமாரி முழுக்க நியூபார்ன் கிடக்கும், மீடியமும் லார்ஜும் கேட்டு நான் கடை கடையாக அலைவேன்.

மூட்டை

அலமேலுவின் ஊர் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். கூலி வேலை. அவள் பெண்குழந்தைக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டு நழுவியிருந்தது. நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மூட்டைச் சரியாக உட்கார வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டார்கள். ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக நடுவில் மட்டும் வழி விட்டிருந்தது.

"கட்டு நனையக் கூடாதும்மா. நனைஞ்சா தோல் வெந்துடும். பிரிச்சிட்டு மொதல்லேர்ந்து போடணும்" என்றார் டாக்டர்.

இந்தக் கட்டுக்கு டயப்பர் போடுவது தனி வேலை. சின்ன சைஸ் ஒன்றைக் கட்டின் விளிம்புக்குள் சொருக வேண்டும். அதன்மேல் லார்ஜ் ஒன்றைக் கட்டையும் சேர்த்து மாட்ட வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டும். வார்டுக்குப் போய் நான் போட்டுக் காட்டியதை அலமேலு ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள், நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். லார்ஜ் முழுவதையும் வழித்து, சின்னதும் சேர்த்து மூட்டை கட்டி மலை பஸ்ஸில் போட்டுவிட்டேன். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கூறு

போன் வந்த மறுநாளே மலை ஏறினேன். குழந்தையின் கட்டு விளிம்பு ஊறிக் கருத்திருந்தது. உள்ளே பழைய புடவைத் துணி. டயப்பர் எங்கே என்று அலமேலுவைக் கேட்டேன்.

ஊர்க்கவுண்டர்தான் பதில் சொன்னார். ஊரில் நல்லது கெட்டதற்கு அவர் பேச்சுத்தான்.

"பஸ்ஸுல வந்து எறங்குச்சிங்க. தலைக்கட்டுக்கு ஒரு கூறு போட்டுட்டோம்."

தலைக்கட்டு என்றால் கல்யாணமான குடும்பம் ஒன்று. சாமிக்கு ஆடு வெட்டினாலும் சரி, வெளியிலிருந்து அரிசி வந்தாலும் சரி, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு கூறு.

"புள்ளையே இல்லாத வூட்டுக்கு இன்னாத்துக்குங்க டயப்பரு?" என்றேன்.

"கூறுன்னா கூறு தானுங்க. ஒருத்தன வுட்டுட்டு எப்பிடி?"

ஒரு வீட்டில் அது பிரிக்காமல் பரண்மேல் பத்திரமாக இருந்தது.

"நீ வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று அலமேலுவைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் கைக்கொழந்தையோட நிக்கறாங்க சிஸ்டர். எம்புள்ளைக்கு மட்டும்னு எப்பிடிச் சொல்றது? நாளைக்கி நா அவங்க மூஞ்சிலதான முழிக்கணும்."

பக்கத்து வீட்டு ராதா தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நானும் போட்டேன் சிஸ்டர். ரெண்டு நாளு மரவள்ளிக் காட்டுல நிம்மதியா வேல பாத்தேன். புள்ள தூளியில அழவே இல்ல" என்றாள். மன்னிப்புக் கேட்கிற தொனி இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் ஊர்க்கவுண்டரிடம் கட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். வாடை அவருக்கும் அடித்தது.

"இத மருந்துன்னு சொல்லியிருந்தா யாருங்க தொட்டிருப்பா? மருந்தப் போயி கூறு போடுவமா?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

மிச்சம் இருந்ததை வீடு வீடாக வாங்கிக் கொடுத்தார்கள். பாதி பிரித்தது, செம்மண் ஒட்டியது. எப்படியும் அந்தக் கட்டு போய்விட்டது.

மறுபடியும்

கட்டை வெட்டி எடுத்தார்கள். கட்டர் சத்தத்தில் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. உள்ளே தோல் உரிந்திருந்தது. புண் ஆறும்வரை அடுத்த கட்டுப் போட முடியாது. அலமேலு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் இவ்வளவு அசதி இருந்திருக்காது.

புண் ஆறி இரண்டாவது கட்டுப் போட்டபோது, டயப்பரை மருந்துப் பெட்டியில் அடுக்கி, சிரப்போடு சேர்த்து வார்டிலேயே அலமேலு கையில் கொடுத்தேன். மேலே ஊர்க்கவுண்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். யாரும் தொடவில்லை. தீரத் தீரப் பெட்டி போனது. கட்டு கடைசிவரை காய்ந்தே இருந்தது. இப்போது அந்தக் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆக, பாடம் இதுதான்: மலைக்கு அனுப்புவதை மூட்டையாக பஸ்ஸில் போடாதீர்கள். மருந்து என்று சொல்லி, வேண்டியவர் கையில் கொடுங்கள். அதோடு இந்தக் குறிப்பை முடித்திருப்பேன்.

ஆனால், இரண்டாவது கட்டைப் பிரித்த அன்று அலமேலுவுக்குத் துணையாக ராதாவும் தன் குழந்தையோடு வந்திருந்தாள். டயப்பர் அறைக்குள் வந்து அலமாரியைப் பார்த்தாள். எல்லாம் நியூபார்ன்.

"இவனுக்கு லார்ஜ் வேணும்மா. இருந்ததெல்லாம் அலமேலுவுக்குப் போயிடுச்சி" என்றேன்.

"எம்புள்ளைக்கும் ஒரு நோவு இருக்குதுன்னு எழுதிக் குடுங்க சிஸ்டர். அப்ப கெடைக்கும் இல்ல?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழந்தையை வாங்கி மேஜைமேல் படுக்கவைத்து, இரண்டு காலையும் மடக்கி விரித்துப் பார்த்தேன். அருமையான இடுப்பு.

"உம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

நர்ஸாக இருந்த காலமெல்லாம் தாய்மார்கள் என் வாயிலிருந்து கேட்க ஏங்கிய சொல் அது. ராதாவின் முகம் தொங்கிவிட்டது.