செல்லக்கிளியிடம் கேட்ட கேள்வி

ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் செல்லக்கிளிக்குக் காகிதமும் பேனாவுமாக யார் வந்தாலும் பயம். முன்பொரு முறை கணக்கெடுக்க வந்தவர், "மாடு இருக்கா?" என்று கேட்க, "ரெண்டு இருக்கு, ஒண்ணு சினை" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். மாடு இருக்கிற வீடு என்று இலவச ஆட்டுப் பட்டியலில் இருந்து பெயர் போனது. "அரிச்சந்திரனுக்கு அக்கா மக" என்று கணவர் கருப்பணன் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். அதோடு காகிதக்காரர்களிடம் உண்மை பேசுவதை விட்டாள்.

இப்போது கருப்பணன் கட்டிலில். ஈரலில் புற்று. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள். கடைசி மூச்சு வீட்டிலேயே போக வேண்டும், அவர் கேட்டது அது ஒன்றுதான். வாரா வாரம் வீட்டுக்கே வந்து அவரைப் பார்க்கும் நர்ஸ் கௌசல்யா இன்று காகிதத்தோடு வந்தாள். கேள்வியெல்லாம் செல்லக்கிளிக்கு.

"தூக்கம் வருதாம்மா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்."

"அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறீங்களே, இடுப்பு வலிக்குதா?"

"எனக்கென்ன, நல்லாத்தேன் இருக்கேன்."

தன்னால் முடியவில்லை என்று சொன்னால் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

"பொய்யி, தாயி" என்றார் கட்டிலில் இருந்த கருப்பணன். "இவ தூங்கிப் பத்து நாளாச்சு. நிமிர முடியாமத் திரியுறா."

செல்லக்கிளி அவர் வாயைப் பொத்தப் போனாள். "பேசாம இருங்க. கூட்டிட்டுப் போயிருவாக."

கௌசல்யா பேனாவை மூடினாள். "யாரும் கூட்டிட்டுப் போகலம்மா. அவர் இங்கேயே இருக்கணும்னா நீங்க நல்லா இருக்கணும், அதுக்குத்தான் கேக்குறோம். உங்களுக்கு என்ன வேணும்?"

அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. பழைய விடியற்காலைகள்தான் ஞாபகம் வந்தன. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். மொட்டுப் பறித்து முடிக்கும் வரை இருவருக்கும் வாய் ஓயாது. எரியோடு ஊர்ச் சம்பந்தி கல்யாணப் பந்தியில் போட்ட சண்டையை அவர் நடித்துக் காட்டுவார். சிரித்ததில் இவள் மடிப்பூ கொட்டிப்போகும். எவ்வளவு நல்ல காலம் அது. இப்போது நாள் முழுக்க அவர் பக்கத்திலேயேதான் இருக்கிறாள். கஞ்சி, மாத்திரை, துணி என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சில்லை.

"வேலையை யாராச்சும் செத்த நேரம் பாத்துக்கிட்டா, இவரு கூடச் சும்மா உக்காந்து பேசணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை உதவிக்குச் சிவனம்மாள் என்ற பெண்ணை அனுப்பினார்கள். செல்லக்கிளி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேச வாயெடுத்தவள், கட்டில் விளிம்பில் தலை சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

சோப்பு எங்கே என்று கேட்க வந்த சிவனம்மாளைக் கருப்பணன் கையமர்த்தினார்.

"எழுப்பாத தாயி. நான் முழிச்சிருக்கேன்."