ஊக்கு குத்திய செருப்பு

பொன்னுத்தாய்க்குக் கோபம் வந்தால் முதலில் முந்தானை இடுப்புக்குப் போகும். வார்த்தை அப்புறம்தான் வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவரோடு நடவுக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற சிங்காரவேலுவுக்குத் தெரியாது, பாவம். அன்று மத்தியானம் பொன்னுத்தாய் ஆட்டோவை விட்டு இறங்கி, காலையில்தான் வீட்டுக்கு வந்துசேர்ந்த பெரிய படத்தைத் திரும்பக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தார். முந்தானை ஏற்கெனவே இடுப்பில்தான் இருந்தது.

“தம்பி, எங்க செருப்பெல்லாம் எங்க?”

சிங்காரவேலு கடை வாசலை எட்டிப் பார்த்தார். “இங்கதான் விட்டீங்களாக்கா?”

“படத்துல கேக்குறேன், படத்துல!”

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. “ஹால்ல மாட்டுற படமாச்சேக்கா. நாளைக்கு மாலை போடுவீங்க, பொட்டு வைப்பீங்க. அதுல போயி செருப்பு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? எந்தப் படம் வந்தாலும் செருப்ப எடுத்துருவோம். பதினோரு பேரு, இருபத்திரண்டு காலு. ரெண்டு நாளா உக்காந்து வெரல் வெரலா வரைஞ்சேன். அதுக்குத் தனியா காசுகூட கேக்கல.”

அட கஷ்டகாலமே! எந்தச் செருப்புக்காக அடிபட்டார்களோ அதைத் துடைத்துவிட்டு, நல்லது செய்துவிட்டதாக ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். திட்டவும் முடியவில்லை. பொன்னுத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதையைச் சொன்னார்.

ஊரில் மேலத்தெரு வழியாகத்தான் பஸ் ரோட்டுக்குப் போகவேண்டும். தெருமுனை வந்ததும் காலனி ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் மண் கொதித்தாலும் சரி, இடுப்பில் பிள்ளை இருந்தாலும் சரி. அது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீறினால் மட்டும் அடி விழும். 1986இல் குறுவை நடவு முடிந்த கையோடு, பதினோரு பெண்கள் கூலிக்காசில் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் தடியோடு ஆட்கள். பொன்னுத்தாய்க்கு அப்போது இருபது வயது. பாதித் தெருவில் அவருடைய இடது செருப்பின் வார் அறுந்துபோயிற்று.

பெரிய வீட்டுப் பிள்ளை தியாகேசன் தூணில் சாய்ந்துகொண்டு கைதட்டிச் சிரித்தார். “இப்பக் கழட்டித்தானே ஆகணும்? கையில தூக்கிட்டு ஓடுங்கடி!”

பொன்னுத்தாய் குனிந்தார். கழற்றத்தான் போகிறாள் என்று தெருவே நினைத்தது. அவர் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து, அறுந்த வாரைச் சேர்த்துக் குத்தி, நிமிர்ந்து நடந்தார். தெருக்கோடியில் நின்ற தஞ்சாவூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். அப்புறம் அடி விழுந்தது, கேஸ் விழுந்தது, மேலத்தெருக்காரர்கள் வேலைக்குக் கூப்பிடவில்லை. சம்பா நடவு வந்ததும் என்ன செய்வார்கள்? நாற்று தானாக நட்டுக்கொள்ளுமா? காலனிக்கு ஆள் அனுப்பினார்கள். பெண்கள் செருப்போடுதான் வந்தார்கள். அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் கழற்றியதில்லை. பத்திரிகைக்காரர் தபாலில் அனுப்பிய படம் ரேஷன் கார்டோடு தகர டப்பாவிலேயே கிடந்தது. அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போடச் சிங்காரவேலுவிடம் கொடுத்திருந்தார்.

“அதே தெருவுல எம்பொண்ணு மதிவதனி வீடு வாங்கியிருக்கா, தம்பி. வக்கீலு. நாளைக்குப் பால் காய்ச்சுறோம். தியாகேசன் வராரு. நானே போயி பத்திரிகை வெச்சேன். அவரு வந்து பாக்கயில நாங்க வெறுங்காலோட நின்னா, அன்னிக்கு அவரு சொன்னதுதான் நடந்துச்சுன்னு ஆயிரும். எங்க சாட்சி இது ஒண்ணுதான்.”

சிங்காரவேலு பழைய படத்தை எடுத்து, மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். இடது காலில் வெள்ளையாக ஏதோ மின்னியது.

“அய்யய்யோ! இது ஊக்காக்கா? பூஞ்சை புடிச்ச புள்ளின்னுல்ல துடைச்சுட்டேன்!” தலையில் அடித்துக்கொண்டார். “கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கட்டுமா?”

“நீ ஒண்ணும் ஆக்க வேணாம். வெரலெல்லாம் அழகாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா அது எங்க காலு இல்ல.”

சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சிங்காரவேலுவே புதுப் படத்தோடு மதிவதனியின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றாலே கண்ணில் படுகிறமாதிரி எதிர்ச்சுவரில் மாட்டினார். கையில் ஒரு பெரிய ரோஜா மாலையும் இருந்தது.

“அதுல ஏழு பேரு உசுரோட இருக்கோம்யா! மாலைய நெலவாசல்ல போடு” என்றார் பொன்னுத்தாய்.

மறுநாள் காலை பொன்னுத்தாயோடு சேர்ந்து அந்த ஏழு பேரும் மேலத்தெருவின் நட்டநடுவில் செருப்புச் சத்தம் கேட்க வந்தார்கள். படத்துக்கு முன்னால் ஒரே கூச்சல். “ஏ பொன்னு, அன்னிக்கு எனக்கு எவ்வளவு முடி பாருடி!” என்று தங்கம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். பொன்னுத்தாய்க்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

பத்து மணிக்குத் தியாகேசன் வந்தார். தலை முழுக்க நரை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் பார்வை ஒவ்வொரு காலாகப் போய், அந்த இடது காலில் நின்றது.

“ஊக்கு தெரியுதுங்க” என்றார் மெதுவாக. அவர் பொன்னுத்தாயிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “அன்னிக்கு நான்தான் சிரிச்சேன்.”

“அது தெரிஞ்சுதான் உங்களுக்கு மொதப் பத்திரிகை வெச்சேன். வாங்க, இலை போட்டாச்சு.”

அவர் ஏழு பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். புறப்படும்போது வாசலில் குவிந்துகிடந்த பெண்களின் செருப்புகளுக்கு அடியில் தன்னுடையதை வெகுநேரம் தேடினார். கிடைத்ததும், வழியில் நிற்கிறோமே என்ற பதற்றத்தில் இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். வைகாசி வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பொன்னுத்தாய் நிலைவாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“போட்டுக்கிட்டே போங்க. தெரு கொதிக்குது.”