முடிவைப் பார்க்க விடாத நான்

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டில் ஒரு மாலை, என் எட்டு வயது மகள் யாழினி டிவியில் குழந்தைகளுக்கான பேய்த் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிய கழிவறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டும் காட்சி. அவள் முகம் வெளிறியதைக் கண்டதும், கதை முடியும் முன்பே டிவியை அணைத்துவிட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

அதன்பின் அவள் கழிவறைக்குத் தனியாகப் போகவில்லை. மூன்றாம் நாள், பள்ளியில் அடக்கிக்கொண்டிருந்து வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். ஆசிரியை அழைத்ததும் ஓடினேன்.

"என்னாத்தா ஆச்சு?"

"உள்ள யாரு இருந்தாகன்னு நீ பாக்கவே விடலையேம்மா. எனக்குள்ள அந்தக் கதவ இன்னும் தட்டிக்கிட்டே இருக்காக," என்று அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளை அணைத்துக்கொண்டு அதே கதையை ஃபோனில் முழுதாகப் போட்டேன். கதவு திறந்தது. உள்ளே பேய் இல்லை. தவறிப் பூட்டிக்கொண்ட ஒரு சிறுமி, வெளியே பயந்து கத்தியவர்களின் சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, வெளிய நின்னவுகளப் பேயின்னுல்ல நெனச்சிருக்கா!" யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து, தனியாகவே கழிவறைக்குப் போனாள்.

அன்று டிவி முன் அவளைவிட அதிகம் பயந்தது நான்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவள் பேய்க்கதை பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.