கடதாசிப் பெட்டிக்குள் ஓர் ஆமை

சர்ர்... சர்ர்...

மேசைக்கு அடியில் வைத்திருந்த கடதாசிப் பெட்டியை உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டுகிற சத்தம். நான் டைப் அடிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். தொடங்கினால் அதுவும் தொடங்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒஃபிஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் அது. சனி ஞாயிறு திரியாயில் சின்னம்மா வீட்டில் நின்றுவிட்டு, திங்கள் காலை பஸ்ஸில் நேரே வேலைக்கு வருவேன். அன்றைக்கு நடு வழியில் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஓர் ஆமை. கண்டக்டர் இறங்கி அதைத் தூக்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

"தாங்கோ அண்ணை, நான் கொண்டுபோய்க் கடலில விடுறன். பாவம், வழி மாறி வந்திட்டுது."

"விடுங்கோ தங்கச்சி. அது தன்ர பாட்டில போகும்."

விட்டேனா? ஆமையைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்வதா என்ற எண்ணம். பள்ளிக்கூட நாளிலிருந்து கோணேசர் மலையில் நின்று கீழே கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான். நீலத்துக்குள் ஒரு கறுப்பு நிழல் மெல்ல மேலே வரும். தலையை மட்டும் வெளியே நீட்டி ஒரு மூச்சு. பிறகு அவசரமே இல்லாமல் இறங்கிப் போகும். பாசி மேய வருகிற பேராமை, கிளி மூக்கு அழுங்காமை, சிற்றாமை என்று மேலிருந்தே பெயர் சொல்லுவேன். முதுகில் வரி வரியாய் ஓடுகிற தோணியாமையை ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன். கட்டுமரம் அளவு இருந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு தெரிந்தவளுக்கு ஆமை என்றால் கடல்தான். வேறு யோசனையே வரவில்லை.

மத்தியானம் ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு டச் பே கடற்கரைக்குப் போனேன். பாலையூற்றுக்காரி, பக்கத்து மேசை, என் வயதுதான். கணுக்கால் அளவு தண்ணீரில் ஆமையை இறக்கினோம். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெட்கப்படுகிறது என்று இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த அலை அதை இழுத்துக்கொண்டு போனது.

"ஏனடி... அது நீந்தேல்லை."

ஜெனிற்றா சொன்ன பிறகுதான் பார்த்தேன். தலைகீழாகப் புரண்டு, நாலு காலையும் தண்ணீருக்குள் அடித்துக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. சாறியோடு இடுப்பளவு தண்ணீருக்குள் பாய்ந்தேன். கையில் அகப்பட்டபோது அது அசையவில்லை. தலையைக் கீழே பிடித்தேன். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"செத்துப்போச்சோ?"

"தெரியேல்ல."

மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்தேன். அப்போதுதான் அதன் காலை முதன்முதலாகப் பார்த்தேன். துடுப்பு இல்லை. யானைக் கால் மாதிரிக் குட்டையான தூண்கள், நகங்கள். ஓடு முழுக்கக் கறுப்பில் மஞ்சள் கோடுகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நட்சத்திரம். ஒரு கோடு பிசகவில்லை. காலையிலிருந்து கூடவே வைத்திருந்தும் இதை நான் பார்க்கவேயில்லை. என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்து அழுதேன்.

அந்த நேரம் கொஞ்சத் தூரத்தில் ஒரு பேராமை தலையை நீட்டி மூச்சு விட்டது. அதே சுருக்கம் விழுந்த கழுத்து. அதே பழைய கண். ஒரே குலத்தில் ஒன்றுக்குக் கடலைக் கடக்கத் துடுப்பு. இன்னொன்றுக்குக் காட்டில் நடக்கத் தூண். மடியில் கிடந்த ஆமையும் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது.

"உயிர் இருக்கு," என்றாள் ஜெனிற்றா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

லிங்கநகரில் எங்கள் வீட்டில் நாலு நாள் கீரையும் வெள்ளரிக்காயும் தின்றது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு திரியாய் பஸ் ஏறினேன். அதே கண்டக்டர்.

"என்ன தங்கச்சி, கடல் வேண்டாமாமோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதே இடத்தில் பஸ்ஸை நிற்பாட்டினார். எந்தப் பக்கம் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"காட்டுப் பக்கம் விடுங்கோ. அண்டைக்கு அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லே போனது. நீங்கள் கவனிக்கேல்லையோ?"

இல்லை, கவனிக்கவில்லை. பற்றை ஓரத்தில் இறக்கினேன். கொஞ்சம் யோசித்தது, பிறகு நடந்தது. பஸ் முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் கோடுகள் காய்ந்த புல்லோடு கலந்து, கண் முன்னாலேயே ஆமை காணாமல் போனது.

இப்போது அந்த ரோட்டு வழவழவென்று தார் போட்ட காபெட் ரோட்டு. பஸ்கள் பறக்கின்றன, ஓர் ஆமைக்காக நிற்பதில்லை. போன மாதம் வான் வண்டியில் போகும்போது அதே பக்கத்தில் ஒன்று குறுக்கே நடந்துகொண்டிருந்தது. நிற்பாட்டச் சொல்லி இறங்கினேன். அதே ஆமையோ என்று ஓட்டின் கோடுகளைத் தேடினேன். எங்களைவிட நெடுங்காலம் வாழுகிற சீவன், இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

மகள் ஃபோனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, கடலில விடுவமோ?"

"பொறு பிள்ளை. முதல் தலை எந்தப் பக்கம் எண்டு பார்."

காட்டுப் பக்கம் என்றாள். தூக்கவில்லை. அது ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை, இரண்டு பக்கமும் கையைக் காட்டி வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றோம்.