குதிரைகளுக்குப் பின்னால்

வெர்டெல் டாலிவர் கோழி ஆலையில் முப்பத்து நான்கு வருடம் நின்றாள். வேலை பார்த்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி. கொக்கியில் தொங்கி வரும் கோழியின் தோளில் கத்தியை இறக்கி, எலும்பைப் பிரித்து, அடுத்த கோழிக்குத் திரும்ப எட்டு எண்ணும் நேரம்தான் உண்டு. ஒன்பது ஆனால் மேற்பார்வையாளன் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பான். எண்ணி எண்ணி அந்த எட்டு அவள் உடம்பில் ஊறிவிட்டது. தேவாலயத்தில் பாடும்போதும் எட்டு, பாத்திரம் கழுவும்போதும் எட்டு.

முப்பத்து மூன்றாம் வயதில், கோடை விடுமுறையில் ரோஸ்ஹில் தெருக்களில் சும்மா திரிந்த பதினொரு பெண்பிள்ளைகளைப் பிடித்து அந்த எட்டைக் கற்றுக்கொடுத்தாள். முட்டியை உயர்த்து, இறக்கு, திரும்பு, நேரே பார். இரண்டு முரசு, ஒரு தேசியக் கொடி, ஒரு பதாகை. 'ரோஸ்ஹில் கறுப்பு முத்துகள்' என்று பதாகையில் அவளே துணி வெட்டித் தைத்தாள்.

கார்லி, கிழக்கு டெக்சாஸில் ஒரு சிற்றூர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நீதிமன்றமும் கடைத்தெருவும்; இந்தப் பக்கம் கறுப்பர்கள் வாழும் ரோஸ்ஹில். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் அந்தப் பக்கம் நடக்கும். முத்துகள் சேர்ந்த முதல் வருடம் கடைசி இடம் கொடுத்தார்கள். புதியவர்கள், அதனால் கடைசி என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வருடம் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இடம். அதற்கடுத்த வருடம் ஒரு பல்மருத்துவர் தன் நாய்க்குப் பல் வேஷம் போட்டுக் கூட்டி வந்தார். நாய்க்கும் நடுவில் இடம். முத்துகள் கடைசியிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு நேர் முன்னால் ஷெரிப் குதிரைப்படை. ஊர்ப் பெரிய மனிதர்கள் தொப்பியோடு ஏறி வரும் முப்பது குதிரைகள்.

முப்பது குதிரைகள் போன சாலையில் வெள்ளைக் காலணி போட்டு நடக்க வேண்டும். ஜூலை வெயிலில் தார் இளகும், சாணம் இளகும். மூன்றாம் வருடம் லொரெட் என்ற ஒன்பது வயதுப் பெண் அதில் வழுக்கி விழுந்தாள். நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. யார் விழுந்தாலும் சிரிக்கும் சிரிப்பு. ஆனால் வேறு யாரும் அங்கே விழப்போவதில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை வெர்டெல் ஒரு அடியைக் கண்டுபிடித்தாள். வரிசைக்கு முன்னால் நடக்கும் தலைவி சாலையைப் பார்த்துக்கொண்டே வருவாள். சாணம் வந்தால் ஆறாவது எண்ணில் கையைத் தூக்குவாள். ஏழில் வரிசை மொத்தமும் இடது காலை வலதுக்குக் குறுக்கே வீசி, இடுப்பைச் சுழற்றி, பக்கவாட்டில் வழுக்கும். எட்டில் மறுபடி நேர்கோடு. கொடி பிடிப்பவளும் அதையே செய்ய வேண்டும். கொடி தாழக் கூடாது. முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது.

ஊருக்கு அது பிடித்துப் போயிற்று. கார்லி நடை என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளின் இடைவேளையில் ஆடினார்கள், கல்யாணங்களில் ஆடினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெர்டெலும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதம் விழாக் குழுவுக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினாள். எங்களைக் குதிரைகளுக்கு முன்னால் விடுங்கள். பதில் ஒரே மாதிரி வரும். வழக்கத்தை மாற்ற இயலாது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஜூன் பத்தொன்பது, அடிமைத்தளை அறுந்த நாள், ரோஸ்ஹில்லில் நடக்கும் ஊர்வலத்துக்கு அவள்தான் ஒழுங்கு போடுவாள். அங்கேயும் குதிரைகள் உண்டு, ஏறி வருகிறவர்கள் அவள் சொந்தக்காரர்கள். அவற்றைக் கடைசியில்தான் விடுவாள். அதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

அவளுக்கு அறுபத்தெட்டு நடந்த வருடம், விழாக் குழுவே அவளைக் கூட்டத்துக்கு அழைத்தது. முத்துகள் நடந்த வீடியோ ஒன்றை முந்தைய கோடையில் லட்சக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள்.

குழுவின் தலைவி ஜனீன் பர்விஸ். வீடு, மனை விற்பவள். கெட்டவள் அல்ல. வெர்டெலைவிட இருபது வயது சின்னவள், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ரோஸ்ஹில்லில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே அவள் மிஸ் வெர்டெல்.

"வெர்டெல், இந்த வருஷம் உங்களுக்குத்தான் முதல் இடம்," என்றாள் ஜனீன்.

வெர்டெல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

"டிவிக்காரங்க வராங்க. நம்ம நடையப் பாக்கத்தான் வராங்க. அதனால நாங்க என்ன யோசிச்சோம்னா, இந்தத் தடவ குழு குழுவா வேண்டாம். நாடு ஏற்கெனவே துண்டு துண்டாக் கெடக்கு. எல்லாரும் ஒரே நீலச் சட்ட. நெஞ்சுல 'நாம் அமெரிக்கர்'னு போட்டிருக்கும். உங்க பொண்ணுங்க முன்னாடி, ஊர் மொத்தமும் பின்னாடி. எல்லாருமாச் சேந்து அந்த நடைய நடப்போம். நீங்க ஜூன் மாசம் சொல்லிக்குடுங்க."

"பதாகை?"

"யாருக்குமே கெடையாது. மெதடிஸ்ட் சபைக்காரங்க விட்டுக்குடுத்துட்டாங்க, தீயணைப்புக்காரங்க விட்டுக்குடுத்துட்டாங்க."

"அதோட அந்தப் பேரு," என்றார் ஹாய்ட் டன்னவே. குதிரைப்படையின் தலைவர், எண்பதை நெருங்குபவர். "கறுப்புன்னு வருது பாரு. வெளியூர்க்காரன் பாத்தா இந்த ஊர்ல நாம பிரிஞ்சு கெடக்கறோம்னு நெனப்பான்."

"முப்பத்தஞ்சு வருஷமா அதே பேருதான் ஹாய்ட். கடைசில நடந்தப்ப யார் கண்ணையும் உறுத்தலியே."

வெர்டெல் விடவில்லை.

"உங்க குதிரைங்க முதுகு விரிப்புல 'ஷெரிப் குதிரைப்படை'ன்னு தச்சிருக்கே. அதப் பிரிச்சு எடுக்கறீங்களா?"

"அது சீருட வெர்டெல்," என்றாள் ஜனீன். "பதாகை இல்லியே."

"குதிரைக்கு நிறமெல்லாம் தெரியாது," என்றார் ஹாய்ட், சமாதானமாக.

"குதிரைக்குத் தெரியாதுதான். அத எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

பிறகு அவள் அந்த நடை எப்படி வந்தது என்று சொன்னாள். சாணம், வெள்ளைக் காலணி, லொரெட். குரலை உயர்த்தாமல் எட்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ஜனீனின் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு அழகு," என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாது வெர்டெல். நீங்க பட்ட கஷ்டத்தையே ஒரு கலையா மாத்திட்டீங்க. டிவில இத அவசியம் சொல்லணும்."

வெர்டெலுக்குக் காது சூடானது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இவர்கள் அவள் கோபத்தையும் வாங்கி, துடைத்து, தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

"கஷ்டம் இல்ல ஜனீன். சாணி. கஷ்டம்னா மழ மாதிரி, எங்கேருந்து வந்துதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. சாணி யார் குதிரையோடதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

மவுண்ட் சயன் தேவாலயத்தின் பின்புறம், கார் நிறுத்துமிடத்தில்தான் பயிற்சி. இருபத்தாறு பெண்கள். அந்த வருடத் தலைவி ரெனெல். பதினேழு வயது, விழுந்த லொரெட்டின் மகள். வெர்டெல் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றாள்.

"எங்களக் கேக்காமலா?" என்றாள் ரெனெல்.

"உங்களக் கேக்க என்னடி இருக்கு?"

"மிஸ் வெர்டெல், நான் ஒம்போது வயசுலேருந்து குதிர பின்னாடியேதான் பாத்துட்டு நடக்கறேன். எந்தக் குதிர எப்ப வாலத் தூக்கும்னு எனக்கு மனப்பாடம். ஆகஸ்ட்ல நர்சிங் படிக்கப் போயிடுவேன். ஒரே ஒரு தடவ சுத்தமான ரோட்டுல நடந்துட்டுப் போறேனே. சட்ட நீலமா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன."

"'நாம் அமெரிக்கர்'னு அவங்க சட்ட குடுத்தாத்தான் நீ அமெரிக்கப் பொண்ணா? இத்தன வருஷம் சாணிக்கு மேல அந்தக் கொடியத் தாழாமத் தூக்கிட்டுப் போனது யாரு? எங்கண்ணன் பேரு கோர்ட்டு வாசல் கல்லுல இருக்கு. வியட்நாம்ல செத்தப்ப அவனுக்கு யாரும் சட்ட குடுக்கல. நாம எப்ப அமெரிக்கர் ஆவோம்னு இவங்க நமக்குத் தேதி குறிக்கறாங்களா?"

கத்திவிட்டாள். முரசு அடிக்கும் பெண்கள் குச்சிகளை இறக்கிவிட்டார்கள். ரெனெல் நகரவில்லை.

"உங்க கோவம் நியாயம்தான். யாரு இல்லன்னா? ஆனா கோவம் உங்களோடது, கால் எங்களோடது."

மூன்று நாள் அந்த வாக்கியம் வெர்டெலை விடவில்லை. பெண் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். முன்னிடம் ஒரு கையில், பெயர் இன்னொரு கையில். எது வேண்டும், எடுத்துக்கொள் என்கிறார்கள். மெதடிஸ்ட் சபை விட்டுக்கொடுத்ததாம். பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டால் மெதடிஸ்ட் சபைக்கு என்ன குறைந்துவிடும்? அந்தச் சபைக் குடும்பங்களின் பெயர் தெருவுக்கும் இருக்கிறது, வங்கிக்கும் இருக்கிறது. விழாக் குழுவோடு முப்பத்தைந்து வருடம் மோதியாயிற்று. இப்போது கேள்வியை மட்டும் வீசிவிட்டு விலகி நின்றுகொண்டு, அவளையும் ரெனெலையும் மோதவிட்டிருக்கிறார்கள்.

நாலாம் நாள் ஜனீனுக்குப் போன் செய்தாள்.

"வருவோம். முதல்ல வருவோம். நடைய மட்டும் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்."

"பரவால்ல வெர்டெல். வீடியோவப் பாத்து நாங்களே கத்துக்கறோம்."

ஜூலை நாலாம் தேதி ஊர்வலம் பத்து மணிக்கு. ஒன்பது மணிக்கே போலீஸ் கடைத்தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடும். ஒன்பதரைக்கெல்லாம் நடைபாதை நிறைந்துவிடும். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, கைவிசிறி, குழந்தைகளின் கையில் சின்னச் சின்னக் கொடிகள். தீவனக் கடை மைதானத்தில் குழுக்கள் கூடும். முத்துகளுக்காக நீலச் சட்டைகள் ஒரு அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தன. பெட்டியை யாரும் திறக்கவில்லை. பெண்கள் தங்கள் கறுப்புச் சீருடையில், வெள்ளைக் காலணியில் நின்றார்கள். பதாகை சுருட்டியபடி வெர்டெலின் கக்கத்தில் இருந்தது.

ஒன்பது நாற்பதுக்கு ரெனெலைக் கூப்பிட்டாள்.

"முன்னாடி நடக்கணும்னியே. ரோடு காலியா இருக்கு. இப்பப் போனா பேரோட போலாம். பத்து மணி வரைக்கும் நின்னா சட்டையோட போலாம். கால் உங்களோடது. நீ சொல்லு."

ரெனெல் மைதானத்தின் மறுபக்கம் சேணம் பூட்டிக்கொண்டிருந்த குதிரைகளைப் பார்த்தாள். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்தாள். வெர்டெலின் கக்கத்திலிருந்து பதாகையை உருவி, இரண்டு சிறுமிகளிடம் ஆளுக்கொரு கழியைக் கொடுத்தாள். முரசு தொடங்கியது.

கடைத்தெருவில் ஊர்வலம் தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்கள். கார்லியில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலத்தின் முதல் கொடி வரும்போது எல்லோரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கை வைப்பார்கள். பிறகு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிக் கொடி வரும்போது பாதிப்பேர் ஐஸ் பெட்டியில் கை விட்டுக்கொண்டிருப்பார்கள். முப்பத்தைந்து வருடம் வெர்டெல் அந்த முதுகுகளைப் பார்த்திருக்கிறாள். இன்று நாற்காலிகள் கிறீச்சிட எல்லோரும் எழுந்தார்கள். தொப்பிகள் இறங்கின. அதே கொடி. கொடியைப் பிடித்திருப்பதும் அதே ரோஸ்ஹில் பெண். வெர்டெலுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு சுலபமாக எழ முடிகிறவர்கள், இவ்வளவு வருடம் உட்கார்ந்தே இருந்தார்கள் என்பதுதான் உறைத்தது.

"நடைய ஆடுங்க," என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கைதட்டி அதையே கேட்டது. வரிசையில் சிறுமிகள் ஓரக்கண்ணால் ரெனெலைப் பார்த்தார்கள். ரெனெல் கையைத் தூக்கவில்லை. இருபத்தாறு பேரும் வளையாமல், வழுக்காமல், நேராக நடந்தார்கள்.

"என்ன, மறந்து போச்சா?" என்றாள் நாற்காலியில் இருந்த ஒருத்தி.

"ரோடு சுத்தமா இருக்கு மேடம்," என்றாள் ரெனெல், எண்ணிக்கை தவறாமல்.

நீதிமன்றத்துக்கு முன்னால் நடை முடிந்தது. ஜனீன் நீலச் சட்டையில் ஓடி வந்தாள். வியர்வையோடு அழுகையும் கலந்திருந்தது.

"உங்களுக்கு முதல் இடம் குடுத்தோமே வெர்டெல். எல்லாரையும் ஒண்ணாச் சேக்கத்தானே பாத்தோம். ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"குடுத்தீங்க. பேர வாசல்ல கழட்டி வச்சுட்டு உள்ள வான்னீங்க. உங்க யாரையும் அப்படிக் கழட்டிட்டு வரச் சொல்லி நாங்க கேட்டதில்ல. இனிமேயும் என்னக் கூப்பிடறதா இருந்தா மிஸ் வெர்டெல்னு கூப்பிடு."

வாக்கிடாக்கியில் யாரோ ஜனீனைத் தேட, அவள் திரும்பி ஓடினாள்.

பிறகு போலீஸ்காரன் வந்தான். லைல் பட்டீஸ்ட், ரோஸ்ஹில் பையன். அவன் அக்கா ஆறு வருடம் முத்துகளில் முரசு அடித்தவள். கையில் அபராதச் சீட்டுப் புத்தகம். வெர்டெலின் கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"அனுமதியில்லாத ஊர்வலம். எழுதச் சொல்றாங்க மிஸ் வெர்டெல். நான் என்ன பண்றது?"

"எழுதுடா. உன் வேல அது."

அவள் பெயரை எழுதினான். விலாசத்தைக் கேட்காமலே எழுதினான். குழுவின் பெயர் என்ற கட்டத்தில் ஏதோ எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினான். வெர்டெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'ரோஸ்ஹில் பெண்கள்' என்று இருந்தது.

"இது யாரு?"

"உங்க நல்லதுக்குத்தான். கேஸு கோர்ட்டுக்குப் போகும். அந்த வார்த்த இல்லாம இருந்தா ஜட்ஜுக்கு ஒரு..."

"லைல். உங்கக்கா எதுலடா முரசு அடிச்சா?"

தெருக்கோடியில் அறிவிப்பாளர் ஊர்வலத்தைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். குளம்புச் சத்தம் நெருங்கியது.

"முழுசா எழுது. கையெழுத்துப் போடறேன்."

லைல் அந்தச் சீட்டின் குறுக்கே ரத்து என்று எழுதினான். அடுத்த சீட்டைப் புரட்டி, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.