தலையை விடாத தலைக்கவசம்

சோபா தைக்கும் அவருக்குத் தெருவில் 'மண்டை' என்று பெயர். அந்தக் காலத்தில் பாராசூட்டில் குதித்த சிப்பாய்கள் போட்ட தலைக்கவசங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். மற்றச் சிப்பாய்களின் கவசத்துக்கும் இதற்கும் வித்தியாசம் வாரில் இருக்கிறது. காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் தாடையைக் கவ்விப் பிடிக்க ஒரு தோல்கிண்ணம் இதில் உண்டு. சந்தையில் போலிகள் மலிந்து கிடந்தன. முப்பது வருஷம் தோல் தைத்தவரிடம் அதெல்லாம் செல்லுமா? தையலைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கிவிடுவார். அப்படிச் சலித்ததில் வீடு வந்து சேர்ந்தவை ஐந்தே ஐந்து.

ஆறாவது, பழைய இரும்புக் கடையில் ஆணி போட்டுவைக்கும் சட்டியாகக் கிடந்தது. வார், கிண்ணம், உள்பட்டை எல்லாம் அசல். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாங்கிய கையோடு தன் பட்டறைக்கு வந்து, தலையில் மாட்டிக் கொக்கியை அழுத்தினார். 'டக்' என்றது. அப்புறம் திறக்க மாட்டேன் என்றுவிட்டது.

பட்டறையில் கூடவே வேலை பார்க்கும் மனைவி தையல் மெஷின் எண்ணெயை விட்டுப் பார்த்தார், திருப்புளியால் நெம்பிப் பார்த்தார். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வாரை வெட்டிடறேன். ஆடாம இருங்க."

"கழுத்த வேணா வெட்டிக்க. வாரைத் தொடாத."

"பத்து மணிக்கு சோபா குடுக்கணும். இந்தக் கோலத்துலயா வருவீங்க?"

அந்தக் கோலத்தில்தான் மனைவியோடு வேனில் ஏறிப் போனார். வேன்காரர் சிரித்த சிரிப்பில் இரண்டு முறை வழியைத் தவறவிட்டார்.

சோபா, மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுக்கு. கதவைத் திறந்தவர் சோபாவைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக வந்து, அவர் தாடைக்கடியில் கட்டைவிரலைக் கொடுத்து, கொக்கியை மேலே தள்ளி உள்பக்கமாகத் திருகினார். வார் கழன்று தொங்கியது.

"எங்கப்பா இதப் போட்டுத்தான் ப்ளேன்லேர்ந்து குதிப்பாரு. லீவுல வந்தா எனக்குப் போட்டுக் காட்டுவாரு. கழட்டி விடறது என் வேல" என்றவர், சற்றுத் தயங்கி, "ஒரு தடவ நான் போட்டுக்கட்டுமா?" என்றார்.

சோபாக்காரர் கழற்றிப் போட்டுவிட்டார். எழுபது வயது அம்மா புது சோபாவில் ஏறி நின்று, கைகளை விரித்து, குதித்தேவிட்டார். மனைவிக்கு உயிர் போய் வந்தது.

"ஸ்பிரிங் நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மா, மூச்சு வாங்க.

அடுத்து சோபாக்காரர் குதித்தார். மனைவி கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நகருங்க ரெண்டு பேரும்."

கீழே வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். மேலே இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தது.